தோள் தாங்கும் நீளம்

எங்கள் வீட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஸ்டுடியோ அண்ணாச்சி எந்தக் காலத்திலோ சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. ஈரம் உறிஞ்சும் மின்சாரப் பெட்டியெல்லாம் கடைக்கு வந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. கதவைத் திறந்தால் சூடேறிய மரம், பழைய தோலுறை, கொஞ்சம் மெஷின் எண்ணெய் எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். போன மாதம் தம்பி மகள் வந்து, "பெரியப்பா, பறக்குற பறவைய எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டாள். எதையாவது எடுத்துக் காட்டிச் சொல்லலாமே என்று அலமாரியைத் திறந்தேன். அந்த வாசனை என்னைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை மணி நேரம் ஆயிற்று.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு, விநாடிக்கு எத்தனை படம், எத்தனை ஃபோகஸ் புள்ளிகள், எத்தனை மெகாபிக்சல், என்ன விலை என்று எழுதி வைத்திருந்தாள். எடைக்கு மட்டும் கட்டம் இல்லை.

அண்ணாச்சி பாளையங்கோட்டையில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தார். முகூர்த்த மாதங்களில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களைப் படம் எடுப்பார். ஆடியிலும் மார்கழியிலும் கடைக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் அவருக்குப் பறவைப் பைத்தியம். அப்போது நான் கூட்டுறவு வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா. சாயங்காலம் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். நூறடி நீள ஃபிலிம் சுருளை இருட்டறையில் வெட்டி, காலியான பழைய கேசட்டுகளில் சுற்றுவது என் வேலை. கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ வரும், சில சமயம் ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம் வரும். இப்படிச் சுற்றினால் கடையில் விற்கும் ரோலின் விலையில் பாதிதான் ஆகும். அப்படியும் ஒவ்வொரு தடவை ஷட்டரை அமுக்கும்போதும் மனசுக்குள் காசு எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

அண்ணாச்சியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ரஷ்யாவின் 'ஃபோட்டோ ஸ்னைப்பர்'. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது என்று ஒருநாள் சொல்வார். இன்னொரு நாள் வேறு கதை. செனித் கேமராவும் டாயர் என்ற 300 மில்லிமீட்டர் லென்ஸும் ஒரு துப்பாக்கிக் கட்டையில் பொருத்தப்பட்டிருக்கும். பின்கட்டையைத் தோளில் அணைத்து, கீழே பிஸ்டல் மாதிரி இருக்கும் பிடியைப் பிடித்து, விரலால் குதிரையை இழுத்தால் படம். ஃபோகஸ் செய்ய லென்ஸுக்கு அடியில் ஒரு பெரிய சக்கரம். இடது கை லென்ஸைத் தாங்கிக்கொண்டே அந்தச் சக்கரத்தையும் உருட்டும். அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/500 விநாடி. அதற்கு மேல் ஒரு முள்கூட கிடையாது.

அதை எடுத்துக்கொண்டு மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போனோம். அது அரசு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1994இல். நாங்கள் போனது அதற்கும் முன்னால். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து நிறையும் குளம். குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். வாசலெல்லாம் எச்சம் விழுந்து கிடக்கும், மீன் வாடை அடிக்கும். ஊர்க்காரர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் எண்ணம். தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள் அண்ணாச்சி தோளில் கட்டையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றார்.

"ஏய், யாருவே அது? துப்பாக்கியக் கீழ வையும்வே!"

கையில் கம்போடு ஒரு பெரியவர் ஓடிவந்தார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"துப்பாக்கி இல்ல பெரியவரே, கேமரா."

"கேமராவுக்கு எதுக்குவே குதிரை?"

நியாயமான கேள்விதான். அண்ணாச்சி பதில் பேசாமல் கருவியை அவர் தோளில் வைத்தார். சக்கரத்தை உருட்டும் விதத்தைக் காட்டினார். பெரியவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்கள் வீட்டுப் புளியமரத்துக் கூட்டில் மூன்று குஞ்சு இருக்கிறது, நேற்றுவரை இரண்டு என்றுதான் நினைத்திருந்தேன் என்றார். அன்றைக்கு மதியம் அவர் வீட்டுத் திண்ணையில் எங்களுக்குப் பனையோலைப் பட்டையில் பதநீர் கிடைத்தது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போட்டால் வேறு உரம் எதற்கு என்று அவர் பேசிக்கொண்டே போனார். அண்ணாச்சி ஒரு காதை அவருக்குக் கொடுத்து, கண்ணை வானத்தில் வைத்திருந்தார்.

துப்பாக்கி வடிவக் கேமரா ரஷ்யர்களின் குறும்பு என்றுதான் நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பிற்பாடு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் எத்தியேன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞரைப் பற்றிப் படித்தேன். பறவை சிறகை எப்படி வீசுகிறது என்று கண்டுபிடிக்க, 1882இல் அவர் ஒரு புகைப்படத் துப்பாக்கியைச் செய்திருக்கிறார். குழலில் லென்ஸ், பின்னால் சுழலும் தட்டு, விநாடிக்கு 12 படம். என் தம்பி மகளின் நோட்டில் முதல் கட்டத்தில் இருக்கும் அந்தக் கணக்கு அவ்வளவு பழையது. அண்ணாச்சியின் ஸ்னைப்பரில் ஒரு படம் எடுத்துக் கட்டைவிரலால் நெம்பைத் தள்ளி அடுத்ததற்குத் தயாராவதற்குள் நாரை அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். நூறு வருஷம் கழித்துப் பிறந்த கருவி மாரேயுடையதைவிட எத்தனையோ மடங்கு மெதுவாக ஓடியது எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கும் சங்கதி.

வேகமில்லாத கருவி என்பதால் அண்ணாச்சி வேறு ஒன்றைக் கற்றுவைத்திருந்தார். பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். எனவே காற்று நம் முதுகில் அடிக்கும்படி நின்றால் அது நம் முகத்தைப் பார்த்து வரும். வெயிலும் முதுகில் இருந்தால் அதன் முகத்திலும் சிறகின் அடியிலும் வெளிச்சம் விழும். இரண்டும் ஒரே பக்கம் அமைவதுதான் சிக்கல். எங்கள் சீமையில் ஆனி ஆடியில் காற்று மேற்கேயிருந்து, கணவாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். காலை வெயில் கிழக்கே. ஆகவே அந்த மாதங்களில் காலையில் போனால் பறவையின் வால்தான் கிடைக்கும், சாயங்காலம் போக வேண்டும். மார்கழி தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயிலும் அந்தப் பக்கமே. அப்போது விடியற்காலையில் போய் நின்றால் இரண்டும் ஒன்றாக நம் முதுகில். கேமரா வாங்கும் பேச்சில் இதை எதற்குச் சொல்கிறேன் என்று தம்பி மகளும் கேட்டாள். காற்றுப் பக்கம் தெரிந்து நிற்கிறவருக்கு விநாடிக்கு 6 படம் போதும். தெரியாமல் நிற்கிறவருக்கு 20 படம் கிடைத்தாலும் இருபதும் வாலாகத்தான் இருக்கும்.

அண்ணாச்சி அடிக்கடி சொல்லும் பெயர் மா. கிருஷ்ணன். திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இலிருந்து இறக்கும் வரை, 1996 வரை, இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். காட்டில் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒரு கருவியை ஒட்டவைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரிட்டிருந்தார். கனமான சமாச்சாரம் என்பது பெயரிலேயே தெரியும். "நம்ம ஊர்க்காரர்வே, இருக்கறத வச்சுச் சேத்துக் கட்டிக்கிட்டாரு. நீ என்னமோ ஜப்பான்லேருந்து வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கே" என்று அண்ணாச்சி என்னைக் குத்துவார்.

ஜப்பானிலிருந்து வரத்தான் செய்தது, கொஞ்சம் தாமதமாக. சிங்கப்பூர் போய் வந்த மச்சினர்கள், துபாய் போன பள்ளித் தோழர்கள், சென்னை பர்மா பஜார் என்று மூன்று வழிகளில் கேமராக்கள் எங்கள் ஊருக்கு வந்த காலம் அது. பர்மா பஜாரில் கியாரண்டி கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வங்கியில் என்னோடு இருந்தவர் அங்கேயிருந்து ஒரு 500 மில்லிமீட்டர் கண்ணாடி லென்ஸ் வாங்கி வந்தார். உள்ளே வளைந்த ஆடிகள் வெளிச்சத்தை முன்னும் பின்னும் திருப்பி விடுவதால் குழல் குட்டை, எடையும் குறைவு, விலையும் கைக்கெட்டும். எல்லாரும் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். ஆனால் திறப்பு எப்போதுமே எஃப் 8. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விடியற்காலையில் வ்யூஃபைண்டர் இருண்டு கிடக்கும். பின்னால் மினுங்கும் தண்ணீரெல்லாம் உளுந்து வடையாக, நடுவில் ஓட்டையோடு விழும். நண்பர் அதைக் கொண்டு நிலாவை அழகாக எடுத்தார்.

எனக்குச் சம்பளம் கூடிய பிறகு தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸுகளின் பக்கம் கண் போயிற்று. இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் நீளத்தின் மேல் ஆசை வரும். நீளம் கூடினால் பறவை பெரிதாகத் தெரியும், அது உண்மைதான். தூத்துக்குடியில் ஒரு டாக்டர் நண்பரிடம் 600 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸ் இருந்தது. அதுவே ஐந்து கிலோ. முக்காலி தனி, அதன் மேல் லென்ஸை ஊஞ்சலாட விடும் கிம்பல் தலை தனி. உப்பளத்து ஓரத்தில் அதை ஒரு காலை முழுக்க என்னிடம் விட்டிருந்தார். வரப்பில் நிற்கும் உள்ளானை அதில் பார்த்தால் இறகின் ஓரம் ஒவ்வொன்றும் தெரிந்தது, மூச்சு நின்றது. பறக்கும் ஆலாவைப் பார்க்கத் திரும்பினேன். வானம் மட்டும்தான் இருந்தது.

காரணம் எளிய கணக்கு. முழுச்சட்டக் கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுவது மூலைக்கு மூலை நான்கு பாகைக்குச் சற்றே அதிகம். நீட்டிய கையில் இரண்டு கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்தால் மறையும் அகலம் அவ்வளவுதான். காற்றில் ஒரே சீராகப் போகாத ஆலாவை அந்தச் சந்துக்குள் கொண்டுவர வேண்டும். 300 மில்லிமீட்டரில் அது எட்டு பாகை. முதலில் பறவையைக் கண்டுபிடித்தால்தானே பெரிதாக எடுப்பதைப் பற்றிப் பேச முடியும்! முக்காலியும் பறப்பதற்கு ஒத்து வருவதில்லை. தலைக்கு நேர் மேலே பருந்து வந்தால் முக்காலிக்காரர் குனிந்து மண்டியிடுவார். கையில் பிடித்திருப்பவர் அண்ணாந்து பார்ப்பார்.

அதனால் நான் நிக்கானின் 300 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸை வாங்கினேன், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வங்கிக்காரனாக இருந்துகொண்டு அதற்குக் கடன் வாங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம். அதன் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லை விசை ஒன்று உண்டு. அதைத் தள்ளிவைத்தால் லென்ஸ் பக்கத்துப் புல்லுக்கெல்லாம் ஓடித் திரும்பாமல் தொலைவுக்குள்ளேயே தேடும். பறவை எடுப்பவர்கள் லென்ஸ் வாங்கும்போது முதலில் தடவிப் பார்க்க வேண்டியது அந்த விசை. பிற்பாடு டிஜிட்டலில் டி300 வந்தது, 2007இல். அதன் சென்ஸார் சிறியது என்பதால் அதே லென்ஸ் 450 மில்லிமீட்டர் போலக் காட்டும். நீளம் கூடியது, எடை கூடவில்லை. 51 ஃபோகஸ் புள்ளிகள், விநாடிக்கு 6 படம். அதைக் காட்டியபோது அண்ணாச்சி வ்யூஃபைண்டரில் பார்த்துவிட்டு, ஃபோகஸ் செய்ய ஷட்டர் பொத்தானை விட்டுப் பின்னால் கட்டைவிரல் பொத்தானைப் பழகு என்றார். அந்தப் பழக்கத்துக்கு அவர் கையில் கேமரா இருந்ததே இல்லை. ஏதோ இதழில் படித்திருந்தார். அந்த வருஷம்தான் அவர் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது.

ஃபிலிம் காலத்தில் படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரிய நாள் கணக்கில் ஆகும். வண்ண ஸ்லைடு என்றால் ரோலைத் தபாலில் சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தபால்காரரை அவ்வளவு பிரியமாக நான் வேறு எதற்கும் எதிர்பார்த்ததில்லை. டிஜிட்டல் வந்ததும் திரும்பி வரும் பேருந்திலேயே முக்கால்வாசிப் படங்களை அழித்துவிடுகிற பழக்கம் வந்தது. ஷட்டர் வேகத்துக்கும் தாராளம் வந்தது. நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் 1/1000 போதும், அவை சிறகை நிதானமாக வீசும். பஞ்சுருட்டானுக்கும் தகைவிலானுக்கும் 1/2500க்கு மேல் வேண்டும். ஸ்னைப்பரின் 1/500இல் நாங்கள் எடுத்த தகைவிலான்கள் எல்லாம் கோடுகள். சில கோடுகள் அழகாகவே இருந்தன.

அந்த 300 மில்லிமீட்டர் லென்ஸ் என் வலது தோளை ஒருநாள் பிடித்துக்கொண்டது. பிசியோதெரபி செய்த பெண், "சார், என்ன தூக்குறீங்க?" என்று கேட்டாள். பிறகுதான் நிக்கான் 2015இல் கொண்டுவந்த அதே நீளமுள்ள இன்னொரு லென்ஸுக்கு மாறினேன். ஒளியை வளைக்க ஃப்ரெனெல் வகை உறுப்பு ஒன்றை வைத்து அதன் எடையை 755 கிராமாக்கிவிட்டார்கள். சூரியனை நேரே வைத்தால் விசித்திரமான ஒளிவட்டங்கள் விழும், அதைத் தவிர குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு வாட்டர் பாட்டில் கனம்கூட இல்லை. வரித்தலை வாத்துகள் கூந்தன்குளத்துக்கு வரும் பனிக்காலத்தில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையில் வெகுதூரம் நடக்கலாம். இமயத்தைத் தாண்டி வந்தவை அவை. கரையோரத்துக் கருவேல மறைவிலிருந்து பார்த்தால் கூட்டமாக எழும்பி, குரல் கொடுத்துக்கொண்டே ஒரு வட்டம் அடித்து, காற்றுக்கு எதிரே திரும்பும். அந்தத் திருப்பத்துக்குத்தான் கைக்குச் சுமையில்லாத கருவி வேண்டும்.

தம்பி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தோழியிடம் கண்ணாடியில்லாக் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். நான் அதை எதிர்க்கவே தயாராக இருந்தேன். கண்ணை வைத்ததும் அது பறவையின் கண்ணில் ஒரு சின்னச் சதுரத்தை ஒட்டிவிட்டது. நாரை மரத்துக்குப் பின்னால் போய் மறுபக்கம் வந்தது. சதுரமும் கூடவே வந்தது. இடையில் படம் கறுத்துப் போகவில்லை. பழைய கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி எழும்பிக் காட்சியை மறைக்கும். பறவை திசை மாறுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். இன்னொன்றும் காட்டினாள். பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் கேமரா படங்களை உள்ளே சுழற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க அழுத்தும்போது, அழுத்துவதற்கு முந்தைய கணத்தின் படங்களையும் சேமித்துவிடும். கம்பத்தில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி பாய்ந்த பிறகு அழுத்தினாள். அது இன்னும் பாயாத படமும் வந்திருந்தது. அண்ணாச்சி இருந்திருந்தால் இது ஆட்டத்தில் சேராது என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை முதல் ஆளாக வந்து நின்றிருப்பார்.

அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் சொன்னேன். கண்ணாடியில்லாக் கேமராக்கள் எல்லாம் ஒன்றல்ல. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் சென்ஸார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கப்படும். படிப்பு மெதுவான மலிவு வகைகளில், படித்து முடிப்பதற்குள் சிறகு அடுத்த வீச்சுக்குப் போய்விடும். படத்தில் சிறகு ரப்பராக வளைந்து விழும். பறவைக்கென்று வாங்கும்போது மெகாபிக்சலை விட்டுவிட்டு அந்தப் படிப்பு வேகத்தைத்தான் கேட்க வேண்டும். அவள் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். எடைக்கும் ஒன்று போடச் சொன்னேன்.

கூந்தன்குளத்துக் கரை இப்போது பழைய மாதிரி இல்லை. சனி ஞாயிறுகளில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லார் கையிலும் நல்ல கருவி, எங்களுக்குக் கனவிலும் வராதவை. சிலருக்குப் பொறுமை மட்டும் வாங்கக் கிடைக்கவில்லை போலும். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். ஒருவர் கல் எறிவதையும் பார்த்தேன். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் தாய்ப்பறவை எழும்பினால் வெயிலும் காகமும் குஞ்சைப் பார்த்துக்கொள்ளாது. ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அவரிடம் போனார். பழைய பெரியவரின் குரல் அதே வேகத்தில் கேட்டது, கம்பு மட்டும் இல்லை. எறிந்தவர் சட்டென்று காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி மகள் போன வாரம் போன் பண்ணினாள். வாங்கிவிட்டாளாம். செகண்ட் ஹேண்டில் ஒரு பாடி. லென்ஸ் 180 முதல் 600 வரை நீளும் ஜூம், இரண்டு கிலோவுக்கு மேல்.

"எடைக் கட்டம் போட்டியேம்மா?"

"போட்டேன் பெரியப்பா. 180ல பறவையத் தேடிப் பிடிச்சு, அப்புறம் 600க்குத் திருப்புவேன். வாத்தெல்லாம் குளத்து நடுவுலதான உக்காருது, உங்க 300 எப்படி எட்டும்?"

"தோளு?"

"ஜிம்முக்குப் போறேன்ல."

தேடிப் பிடித்துவிட்டுத் திருப்புவது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஜூம் வளையத்தைத் திருப்பும் நேரத்தில் வாத்து திரும்பிவிடும் என்பது என் கட்சி. மார்கழியில் வாடைக்காற்று விழுந்ததும் இருவரும் ஒரே கரையில் நின்று பார்த்துவிடுவது என்று பேசியிருக்கிறோம். மூலைக்கரைப்பட்டி பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பது என் நிபந்தனை. இரண்டு கிலோவை அவளே மடியில் வைத்துக்கொள்ளட்டும்.